இரவல் வெயில்

சில மாதங்களுக்கு முன்னர், ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். குறும்படமொன்று எடுக்கப்போவதாகவும், அதன் உரையாடல்களைப் பார்த்துத் திருத்தித்தர வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். கதை எனக்குப் பிடித்திருந்தது. போர்க்காலத்தில் வேலணையை விட்டு வெளியேறிய மூதாட்டியொருவர், பல ஆண்டுகளுக்குப் பின் தன் வீட்டைப் பார்க்கத் திரும்பி வருகிறார். ஒரு பகற்பொழுதும் ஓர் இரவும் அவ்வீட்டில் தங்குகிறார். கதை அவ்வளவே. அந்த மூதாட்டி அவருடைய அம்மம்மாவேதான்.

உரையாடல்களைப் பார்த்து முடித்ததும், "படம் எப்படி இருக்கும் எண்டு காட்டுறன் ஐயா" என்று தன் மடிக்கணினியைத் திறந்தார். 'மூட் போர்ட்' என்று அவர் அழைத்த பக்கத்தில் முப்பத்தாறு படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. ஹொங்கொங் படமொன்றின் சிவந்த நடைவழி, ஈரானியப் படமொன்றின் வளைந்தேறும் மலைப்பாதை, ஐரோப்பியப் படங்களின் மங்கலான யன்னல்கள் எனப் பலவும் அங்கிருந்தன. கிராமத்துக் காட்சிகளுக்கென வைக்கப்பட்டிருந்த படங்கள் அத்தனையும் மஞ்சள். மஞ்சளென்றால் மாலைவெயிலின் மஞ்சளன்று. பழைய புகையிலைச் சாறு படிந்த மஞ்சள்.

"தம்பி, இந்த வெயில் எங்கத்தையான் வெயில்?" என்று கேட்டேன்.

"இது ஒரு ரெஃபரென்ஸ் ஐயா" என்றார்.

முப்பத்தாறு படங்களில் ஒன்றுகூட வேலணையில் எடுக்கப்பட்டதன்று. ஒன்றுகூட இலங்கையில் எடுக்கப்பட்டதன்று. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த முப்பத்தாறு படங்கள்தாம்.

மூட் போர்ட் என்ற கருவிக்கு நான் எதிரியல்லன். உள்ளலங்காரக் கலைஞரும் ஆடை வடிவமைப்பாளரும் விளம்பர நிறுவனத்தாரும் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறை அது. படத்தின் வண்ணம், ஒளி, துணியின் தன்மை, சுவரின் பழைமை, சட்டகத்தின் அமைப்பு ஆகியவற்றை உணர்த்தும் படங்களை ஒரே பலகையில் ஒட்டிவைத்தால், நெறியாளர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், உடையலங்காரப் பொறுப்பாளர் ஆகிய நால்வரும் ஒரே படத்தை மனத்திற் கொண்டு வேலை செய்யலாம். 'சோகமான நீலம்' என்று வாயாற் சொன்னால் நால்வரும் நான்கு நீலங்களைக் கற்பனை செய்வர். ஒரு துண்டுத் துணியைக் காட்டினால் பிணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். இந்த அளவில் அதன் பயனை எவரும் மறுக்க இயலாது. அந்தப் பலகையில் எதை ஒட்டுகிறோம் என்பதே என் கேள்வி.

பெரியவர்கள் எதை ஒட்டினார்கள் என்று பார்ப்போம். ஸ்டான்லி குப்ரிக் 1975 இல் வெளியிட்ட 'பாரி லிண்டன்' பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றிய படம். அக்காலத்தைக் காட்டும் புகைப்படம் ஒன்றேனும் இருக்க முடியாது. புகைப்படக்கலையே அப்போது பிறந்திருக்கவில்லை. ஆகவே அக்கால ஓவியங்களைத் தேடினார். விலையுயர்ந்த ஓவிய நூல்களின் பக்கங்களைக் கிழித்தெடுத்து, ஆயிரக்கணக்கான படங்கள் கொண்ட கோப்பொன்றைத் தொகுத்ததாகப் பின்னர் பேட்டியொன்றில் அவரே கூறியிருக்கிறார். தைக்கப்பட்ட சட்டையும் செய்யப்பட்ட நாற்காலியும் அந்தக் கோப்பிலிருந்தே வந்தன. அவ்வோவியங்கள் அவருக்கு அழகுச் சாமான்களாக இருக்கவில்லை. அக்காலம் விட்டுச்சென்ற சாட்சியங்களாக இருந்தன. அந்நாளைய மாளிகைகள் இரவில் மெழுகுவர்த்தியால்தான் ஒளி பெற்றன என்றால் அந்த ஒளியிலேயே படமெடுக்க வேண்டும் என்று முடிவுசெய்து, நாசாவுக்காகச் செய்யப்பட்ட சைஸ் நிறுவனத்தின் வில்லையைத் தேடி வாங்கித் தன் கமராவுக்குப் பொருத்தினார். அதன் துவாரம் எஃப் 0.7. ஒளிப்பதிவாளர் ஜோன் அல்கொட்டுக்கு அப்படத்துக்காக ஒஸ்கார் கிடைத்தது.

சத்யஜித் ராயை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராக வேலை பார்த்தவர் அவர். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்கு 1940களில் படம் வரைந்தவரும் அவரே. படத்துக்கு முதலிடுவோரைத் தேடி அலைந்த காலத்தில், காட்சி காட்சியாகத் தூரிகையால் வரைந்த ஏடொன்றைக் கையில் வைத்திருந்தார். முதலாளிகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தனர். பின்னாளில் அது நூலாகவே அச்சேறியது. அந்த ஏட்டின் ஒவ்வொரு பக்கமும் ராயின் கையால் வந்தது. அகிரா குரோசாவாவும் அவ்வாறே. 'ககேமுஷா' படத்துக்குப் பணம் கிடைக்காது என்ற நிலை வந்தபோது, படம் எடுபடாவிட்டாலும் தாளிலாவது இருக்கட்டும் என்று நூற்றுக்கணக்கான ஓவியங்களைத் தீட்டினார். 1980 இல் அப்படம் வெளிவந்தது.

குப்ரிக் கிழித்து ஒட்டினார். ராயும் குரோசாவாவும் வரைந்தனர். முறை வேறாயினும், மூவரும் சினிமாவுக்கு வெளியே சென்று தேடினர். காலத்தின் ஆவணத்தையோ தம் கண்ணையோதான் நம்பினர்.

இன்றைய நிலை என்ன? 2010 இல் பின்ரெரஸ்ற் வந்தது. அதன் பின்னர், திரைப்படங்களின் நிலைக்காட்சிகளை மட்டுமே தொகுத்து வைத்திருக்கும் ஷொட்டெக் போன்ற தளங்களும் வந்தன. 'சோகம், யன்னல், பெண், மாலை' என்று எழுதித் தேடினால் அடுத்த நொடியில் பல படங்கள் வந்து விழும். ஒவ்வொன்றும் இன்னொரு கலைஞர் இன்னொரு கதைக்காக உழைத்து அடைந்த முடிவு. அந்த முடிவுகளைத் தொகுத்து நம் தொடக்கமாக வைத்துக்கொள்கிறோம். இது திருட்டென்று நான் சொல்லமாட்டேன். திருடனுக்காவது தான் எடுப்பது யாருடையது என்பது தெரிந்திருக்கும்.

அந்த மஞ்சளையே பார்ப்போம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்டீவன் சொடர்பேர்க் 2000 ஆம் ஆண்டில் 'ட்ரஃபிக்' என்ற படத்தை எடுத்தார். போதைப்பொருள் வணிகத்தைப் பற்றிய மூன்று கதைகள் அதில் மாறி மாறி வருகின்றன. பார்வையாளர் குழம்பாதிருக்க, அமெரிக்க அரசியற் கதைக்குக் குளிர்ந்த நீலத்தையும் மெக்சிக்கோக் கதைக்குச் சுட்டெரிக்கும் மஞ்சளையும் கொடுத்தார். அது ஒரு வழிகாட்டிப் பலகை. அந்தப் படத்தின் தேவையிலிருந்து பிறந்த உத்தி. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் உத்தியை விட்டுவிட்டு மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காலப்போக்கில், ஏழ்மையும் வெப்பமும் ஆபத்தும் நிறைந்த நாடென்றால் அது மஞ்சளாகத்தான் இருக்கும் என்பது ஹொலிவூட்டின் எழுதாச் சட்டமாகியது. 2020 இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'எக்ஸ்ட்ராக்ஷன்' படத்தில் டாக்கா நகரம் முழுவதும் மஞ்சளில் மூழ்கியிருந்ததைக் கண்டு பலரும் கேலி செய்தனர். பச்சை வயலும் ஆறும் மழையும் நிறைந்த வங்காளத்துக்கா அந்த மஞ்சள் என்று கேட்டனர்.

இப்போது அதே மஞ்சள் வேலணைக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் வெள்ளைக்காரர் அல்லர், அம்மம்மாவின் பேரன். ஓர் அமெரிக்கர் மெக்சிக்கோவைத் தன் பார்வையாளருக்கு அடையாளங்காட்ட இட்ட நிறத்தை, நம் பிள்ளை தன் சொந்த ஊரின் நிறமென்று நம்பிவிட்டார். மற்றவன் நம்மைப் பார்க்கும் கண்ணாலேயே நாமும் நம்மைப் பார்க்கப் பழகிக்கொள்வதைவிடப் பெரிய தோல்வி வேறென்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்து வெயிலை அறிந்தவர்களுக்குத் தெரியும்: நண்பகலில் அது வெள்ளை. சுண்ணக்கல்லின் மேல் அமைந்த நிலம் அது. ஒழுங்கையும் மணலும் மதிலும் சேர்ந்து வெயிலைத் திருப்பி எறியும், கண் கூசும், பனையின் நிழல் கரிக்கோடு போல் விழும். வலிகாமத்தின் செம்மண்ணில் அதே வெயில் வேறுவிதமாக இருக்கும். தீவகத்தில் கடலின் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். ஒரே குடாநாட்டுக்குள் பல வெயில்கள் இருக்க, ஏன் மெக்சிக்கோவிலிருந்து ஒன்றை இரவல் வாங்க வேண்டும்?

"தொடக்கத்தில் மட்டுந்தானே பலகை? படப்பிடிப்புக்குப் போனதும் எல்லாம் மாறிவிடும்" என்பர் சிலர். அப்படி எளிதில் மாறுவதில்லை. படத்தொகுப்பின்போது தற்காலிகமாக வேறொரு இசையைச் சேர்த்து வைக்கும் வழக்கமொன்று உண்டு. குப்ரிக் தம் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அவ்வாறு பழைய செவ்வியல் இசைத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அலெக்ஸ் நோர்த் என்ற இசையமைப்பாளர் படத்துக்கென்றே இசையெழுதி ஒலிப்பதிவும் செய்து கொடுத்தார். 1968 இல் படம் திரையிடப்பட்டபோதுதான் தம் இசை ஒரு துளியும் அதில் இல்லை என்பதை அவர் அறிந்தார். தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. குப்ரிக்கின் தேர்வு சிறந்ததா என்பது வேறு விவாதம். பழகிய ஒன்றைக் கைவிட மனம் இலகுவில் இணங்காது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. ஆறு மாதங்கள் மஞ்சள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேலணையின் வெள்ளை வெயில் பிழையாகத் தெரியும். வண்ணத்தைச் சீர்செய்யும் கணினியின் முன் உட்கார்ந்து, மெய்யைத் திருத்திப் பலகையோடு பொருத்தப் பார்ப்பார்.

என் சொந்தப் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1970களில் நான் வேலை பார்த்த பத்திரிகையில், அச்சிட்ட படங்களின் உலோகப் புளொக்குகளை மேசை இழுப்பறைகளில் பத்திரப்படுத்தி வைப்போம். ஒரு மழைக்காலத்தில் வன்னிக் கிராமமொன்றின் குளம் உடைப்பெடுத்த செய்தி இரவில் வந்தது. படம் இல்லை. இழுப்பறையைத் திறந்தேன்; வேறு மாவட்டமொன்றின் முன்னைய வெள்ளப் படம் கைக்கு அகப்பட்டது. வெள்ளம் வெள்ளந்தானே என்று போட்டுவிட்டேன். அடுத்த வாரம் அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடமிருந்து தபாலட்டை வந்தது. அது எங்கள் குளக்கட்டு அன்று, எங்கள் கட்டில் மருதமரங்கள் நிற்கின்றன என்று இரண்டே வரிகளில் எழுதியிருந்தார். வீடு வாசல் இழந்து நின்ற ஒரு மனிதர், அந்த நிலையிலும் தபாலட்டை வாங்கி எழுதியிருக்கிறார். அவருடைய துன்பத்துக்கு நான் வேறொருவருடைய முகத்தை ஒட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று பல மூட் போர்ட்டுகளைப் பார்க்கும்போது அந்த இழுப்பறைதான் நினைவுக்கு வருகிறது.

இழுப்பறையைவிட ஆபத்தான ஒன்றும் இப்போது வந்திருக்கிறது. அந்த முப்பத்தாறு படங்களில் நான்கு, செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கப்பட்டவை. யாழ்ப்பாணத்து வீடு என்று எழுதிக் கேட்டதாகச் சொன்னார். வந்த படத்தில் முற்றத்துக் கிணற்றுக்கு மேல் ஐரோப்பியச் சிறுவர் கதைப் புத்தகத்தில் வருவது போன்ற குட்டி ஓட்டுக்கூரை இருந்தது. துலா இல்லை, கப்பியும் இல்லை. பனையென்று நின்ற மரத்தின் தலை தென்னை. இயந்திரத்தைக் குறைகூறிப் பயனில்லை. தான் அதிகம் பார்த்ததைத்தான் அது தரும். நம்மை அது அதிகம் பார்த்ததில்லை. இரவல் படங்களையே நாமும் பெருக்கிக்கொண்டிருந்தால் இனியும் பார்க்கப்போவதில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. கலை என்பதே முன்னோரைப் பார்த்துப் பழகுவதுதானே என்பது முதலாவது. உண்மைதான். ராய் 1950 இல் லண்டனில் 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பார்த்த பின்னரே தம் படத்தை எப்படி எடுப்பது என்ற தெளிவைப் பெற்றார். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது முறையை: நடிகரல்லாதோரை நடிக்கவைப்பது, உண்மையான இடத்துக்குச் செல்வது. ரோமாபுரியின் தெருவை அவர் வங்காளத்துக்குக் கொண்டுவரவில்லை. அடுத்த படமான 'அபராஜிதோ'வில் காசி வீடொன்றின் முற்றத்தைக் கல்கத்தாக் கலையகத்தில் அமைத்தனர். மேலிருந்து முற்றத்தில் இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தைக் கொண்டுவருவதற்காக, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார். காசி வீடுகளின் வெளிச்சத்தை உற்றுப் பார்த்த கண்ணுக்கு வந்த யோசனை அது. எந்தப் படத்தின் நிலைக்காட்சியும் அதைக் கொடுத்திராது.

முதலிடுபவருக்குப் புரியவைக்க வேறு வழியில்லை என்பது இரண்டாவது வாதம். 'இன்ன படத்தைப்போல' என்றால்தான் பணம் வரும் என்கிறார்கள். வரலாம். அப்படியாயின் பணத்துக்கு ஒரு பலகையும் படத்துக்கு ஒரு பலகையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை ஒப்பந்தம் முடிந்த அன்றே அழித்துவிடுங்கள்.

மூன்றாவது வாதத்தை அவ்விளைஞரே சொன்னார். அதற்கு என்னிடம் உடனடியாக விடை இருக்கவில்லை. "எங்களிட்டைப் பழைய படம் ஒண்டும் இல்லை ஐயா. அல்பம் எல்லாம் இடம்பெயரேக்கை போட்டுது."

இது சாக்கன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே வீதியில் இறங்கி நடந்தது. குழந்தையையும் அரிசியையும் சுமந்தவர்களின் கையில் அல்பத்துக்கு இடமிருக்கவில்லை. ஒரு தலைமுறையின் திருமணப் படங்கள், சாமத்தியவீட்டுப் படங்கள், வீட்டு முற்றத்தில் நின்று எடுத்த படங்கள் அனைத்தும் கூரைகளோடு போயின. குப்ரிக்குக்குக் கிழிப்பதற்காவது புத்தகங்கள் இருந்தன. நம் பிள்ளைகள் எதைக் கிழிப்பார்கள்?

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டு மனிதர் எவரையும் குப்ரிக்கால் தொலைபேசியில் அழைத்திருக்க முடியாது. நம்மால் இன்னும் முடியும். "அம்மம்மாவுக்கு எடும்" என்றேன். ரொறன்ரோவில் அப்போது விடிந்திருந்தது. வீட்டைப் பற்றிக் கேளும், நிறம் என்ன என்று கேளும் என்றேன். முதலில் அவர் எதுவும் ஞாபகமில்லை என்றார். பின்னர் நிறுத்தவில்லை. சுவருக்குச் சுண்ணாம்போடு நீலம் கலந்து அடித்தது; கதவு பச்சை, அதுவும் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பச்சை; குசினிச் சுவர் புகையேறிக் கறுப்பு; சாணி மெழுகிய திண்ணை காய்ந்தால் சாம்பற்பச்சை; மத்தியானத்தில் வளவு மணலைப் பார்க்க ஏலாது, வெள்ளையாய்க் கிடக்கும். இருபது நிமிடங்களில் ஒரு படத்தின் முழு வண்ணத்திட்டமும் வந்துவிட்டது. அதில் மஞ்சள் ஒரேயோர் இடத்தில் மட்டுமே இருந்தது: ஜாம் போத்தல் விளக்கில்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1990 இற்குப் பின் வடக்கில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் கடுந்தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய்யைவிட்டு, மெல்லிய திரியில் ஒரு சுடரை ஏற்றிவைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. அந்த வெளிச்சத்தில் முகத்தின் ஒரு பாதிதான் தெரியும்; புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குமேல் ஒளி எட்டாது. அந்த ஒளியை எந்தத் தளத்தில் தேடினாலும் கிடைக்காது. மெழுகுவர்த்திச் சுடரைப் பிடிக்கக் குப்ரிக்குக்கு நாசா வில்லை தேவைப்பட்டது. இன்று சாதாரண டிஜிட்டல் கமராவே அதற்கு ஈடுகொடுக்கும். கருவி கைக்கு வந்துவிட்டது. அந்த ஒளியை அறிந்தவர்கள்தாம் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்நாட்டுச் சினிமாவுக்கே இந்தப் பாடம் புதிதன்று. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' 1947 இல் வெளிவந்தது. அது உருவானது தென்னிந்தியக் கலையகத்தில். இரவல் கலையகமும் இரவல் வெளிச்சமுமாக ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ'வுக்காகக் கமராவை உண்மையான கிராமத்து வெயிலுக்குக் கொண்டுசென்றார். சிங்களச் சினிமா தன் முகத்தைக் கண்டது அன்றுதான். 1970களில் தர்மசேன பத்திராஜ, தாம் சிங்களவராயிருந்தும், யாழ்ப்பாணத்துக்கே வந்து 'பொன்மணி'யை எடுத்தார். வெளியிலிருந்து வந்தவர் நம் மண்ணைப் பார்த்து எடுக்க, நாம் வெளியைப் பார்த்து நம் மண்ணை எடுக்கலாமா?

ஆகவே, படமெடுக்கும் இளைஞர்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பலகையில் பிற திரைப்படத்தின் ஒரு காட்சியைக்கூட ஒட்டாதீர்கள். ஒட்டியே தீரவேண்டுமெனில், அது எக்கதைக்காக, எத்தேவைக்காக எடுக்கப்பட்டது என்பதை அதன் கீழ் எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் அகற்றிவிடுங்கள். கதை நிகழும் இடத்துக்குப் போய், காலை ஆறு மணிக்கும் நண்பகலிலும் அந்தியிலும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து ஒட்டுங்கள். பழைய சேலையின் ஒரு துண்டை, சுவரின் சுண்ணாம்புப் பொருக்கை, ஒரு பிடி மணலை ஒட்டுங்கள். படம் கிடையாதவிடத்து, பெரியவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி ஒட்டுங்கள். வெற்றிடம் இருந்தால் வெற்றிடமாகவே விடுங்கள். இழந்ததை இழந்ததாகக் காட்டுவதும் நேர்மையே. பிறருடைய படத்தால் அந்த இடத்தை நிரப்பினால், இழந்தது என்ற உண்மையும் மறைந்துவிடும்.

ராய் முதல்நாட் படப்பிடிப்புக்கு நாணற்பூக் காடொன்றுக்குச் சென்றார். அடுத்த வாரம் மீண்டும் போனபோது, மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. வேறு இடமொன்றில் வேறு பூவை வைத்து எடுத்திருக்கலாம். அவர் அடுத்த ஆண்டுவரை காத்திருந்து, அதே பூ மீண்டும் பூத்த பின்னரே எடுத்தார்.

அந்த இளைஞர் அன்றிரவு வேலணைக்குப் புறப்பட்டார். கணினியிலிருந்த முப்பத்தாறு படங்களையும் அழித்தாரோ தெரியாது, நான் கேட்கவில்லை. இரண்டு நாட்களின் பின் ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தார். கூரையில்லாத வீடு, பற்றை, உடைந்த கதவுநிலை. கதவுநிலையின் ஒரு மூலையில், விரல் நுனியளவில், பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய பலகையில் முதலில் ஒட்டவேண்டிய படம் அதுதான்.